பார்சல் போகும் வழியும் திரும்பி வரும் வழியும்

மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் விற்பனை என்றால், கொலுவுக்கு வந்தவர்கள் முன்னால் புடவை மூட்டையை அவிழ்ப்பதுதான். இல்லையென்றால் சங்கத்து ஆண்டு விழாவன்று அரங்கின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு வடகமும் பருப்புப் பொடியும் அடுக்கி வைப்பது. வெளியூருக்குப் பொருள் அனுப்ப வேண்டுமென்றால் தாதரிலோ குர்லாவிலோ ரயில் ஏறுகிறவர் கையில் கொடுத்துவிடுவோம்.

இன்று செம்பூரில் அரைக்கும் கறிவேப்பிலைப் பொடிக்குக் குவாஹாட்டியிலிருந்து ஆர்டர் வருகிறது. தாராவியில் தைத்த தோல் பர்ஸ் ஜெய்ப்பூருக்குப் போகிறது. மாட்டுங்காவில் கோத்த டெம்பிள் செட்டை, நெற்றிச்சுட்டி ராக்கொடியோடு, புவனேஸ்வரத்து நாட்டிய மாணவி ஒருத்தி அரங்கேற்றத்துக்கு வரவழைக்கிறாள். வாரத்துக்கு ஐந்து பார்சல் என்றால் கையால் முகவரி எழுதி, கூரியர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ரசீது எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சமாளித்துவிடலாம். நாளைக்கு இருபது என்றால் முடியாது. அப்போதுதான் நம் கடையின் இணையதளத்தையும் கூரியர் நிறுவனத்தின் கணிப்பொறியையும் நேராகப் பேச வைக்கும் இணைப்பு தேவைப்படுகிறது. ஆர்டர் வந்ததும் லேபிள் தானே அச்சாகும். பார்சல் எங்கே இருக்கிறது என்ற செய்தி வாங்கியவருக்குத் தானே போகும்.

இதை அமைப்பது கணிப்பொறி படித்தவர் வேலை என்று நம் சகோதரிகள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கணிப்பொறி வேலை அதில் அரை மணி நேரம்தான். மீதியெல்லாம் உங்கள் வியாபாரத்தைப் பற்றிய கேள்விகள்: எங்கிருந்து எடுக்க வேண்டும், எவ்வளவு எடை, விலை போகாமல் வந்தால் எங்கே சேர்க்க வேண்டும். இவற்றுக்கு மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ பதில் சொல்ல முடியாது. அனுப்பும் லேபிளை எல்லோரும் எப்படியோ சரியாக அமைத்துவிடுகிறார்கள். திரும்பி வரும் லேபிளைப் பற்றி, முதல் பார்சல் திரும்பி வருகிற நாளில்தான் நினைக்கிறார்கள். சிறு வியாபாரத்தின் லாபம் கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆகவே சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

யார் பெயரில் கணக்கு?

வூகாமர்ஸ், ஷாப்பிஃபை போன்ற கடை நிரல்களில் கூரியர் இணைப்புக்கென்று தனிப் பகுதி உண்டு. நேரடியாக ஒரு கூரியர் நிறுவனத்தோடு சேரலாம். அல்லது பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலை நிறுவனத்தோடு சேரலாம். மாதம் நூறு பார்சலுக்குக் குறைவாக அனுப்புகிறவர்களுக்கு இடைநிலை நிறுவனம்தான் சௌகரியம் என்பது என் கருத்து. ஒரு கூரியர் போகாத ஊருக்கு இன்னொன்று போகும். கட்டணத்தையும் பேரம் பேசாமலே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்குத் திறந்து, அடையாளச் சான்றும் வங்கி விவரமும் கொடுத்ததும் ஒரு நீளமான எழுத்துக் கோவை தருவார்கள். ஏ.பி.ஐ. கீ என்பது அதன் பெயர். சாவி என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கடை நிரலில் ஒட்டினால் இரண்டு கணிப்பொறிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். அந்தச் சாவியை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பணத்தில் பார்சல் அனுப்பலாம். அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது வீட்டுச் சாவியைச் சொசைட்டி அறிவிப்புப் பலகையில் மாட்டுவதற்குச் சமம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. அக்கா மகன் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்கிறான். தன் மின்னஞ்சலையும் தன் செல் எண்ணையுமே கொடுத்துவிடுகிறான். ஆறு மாதத்தில் அவனுக்குப் புனேயிலோ ஹைதராபாத்திலோ வேலை. அதன் பிறகு ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஓ.டி.பி. அவன் தொலைபேசிக்குப் போகிறது. அவன் மீட்டிங்கில் இருக்கிறான். இங்கே கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். உதவுகிறவருக்குத் தனி உள்நுழைவு கொடுக்கப் பெரும்பாலான நிரல்களில் வழி இருக்கிறது.

முதலில் சோதனை முறையில் இணைத்துப் பார்ப்பார்கள். அதிலும் லேபிள் அச்சாகும், எண் வரும், எல்லாம் நிஜம் போலவே தெரியும். ஆனால் அந்த எண் கூரியரின் புத்தகத்தில் கிடையாது. அந்த லேபிளை ஒட்டி வைத்துக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். சோதனைக்கு ஒரு சாவி, நிஜத்துக்கு வேறு சாவி; கடை திறக்கும் நாளன்று சாவியை மாற்ற வேண்டும்.

ஆறு எண்கள்

முகவரியில் கணிப்பொறி முதலில் பார்ப்பது பின்கோடைத்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த, சமஸ்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகளும் ஒரே பெயரில் பல ஊர்களும் தபால்காரர்களைக் குழப்பிய காலம் அது. முதல் எண் மண்டலம்: மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கருக்கு 4, தமிழ்நாடு, கேரளத்துக்கு 6, ராணுவத் தபாலுக்கு 9. முதல் மூன்றும் சேர்ந்து பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று, தபாலைக் கொண்டுசேர்க்கும் அலுவலகம். தாராவி 400017 என்றால் பக்கத்து மாட்டுங்கா 400019.

வாங்குகிறவர் பின்கோடை அடித்ததும், அந்த இடத்துக்குக் கூரியர் போகுமா, வீட்டில் பணம் வாங்குமா, அங்கிருந்து திரும்ப எடுத்து வருமா என்று நிரல் கேட்டுப் பார்க்கும். மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்பதைக் கவனியுங்கள். பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர், அதே ஊரிலிருந்து திரும்ப எடுக்க மறுக்கலாம். அமைக்கும்போது திரும்ப எடுக்கும் வசதியையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். தனியார் கூரியர் எட்டாத கிராமங்களுக்கு 1986-ல் தொடங்கிய விரைவுத் தபால் இருக்கிறது. 2025-ல் பதிவுத் தபாலும் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது.

நம் ஊர் முகவரிகளுக்கு ஒரு வார்த்தை. லேபிளில் ஒவ்வொரு வரிக்கும் இத்தனை எழுத்து என்ற எல்லை உண்டு. மீறினால் வால் வெட்டுப்படும். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதுவார்கள். கிராமத்தில் இன்னார் மகன், மாரியம்மன் கோயில் பின்புறம், இன்ன அஞ்சல், இன்ன ஊர் வழி என்று நீளும். கதவு எண்ணும் தெருவும் முதல் வரியில் வரும்படி ஆர்டர் படிவத்தை அமையுங்கள். அடையாளத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். இன்னொன்று: வடக்கத்திப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். நமக்கு ஏது அது? இனிஷியல்தான். புள்ளி வைத்து ஒப்பேற்றினால் சில நிரல்கள் ஏற்காமல் ஆர்டரை நிறுத்திவிடும். அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்றிவிடுங்கள், அல்லது பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள்.

அப்பளத்தின் எடை

கூரியர் கட்டணத்துக்கு இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தராசில் காட்டுவது. மற்றது பெட்டி அடைக்கும் இடத்தின் எடை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஒரு கிலோ அப்பளத்தை, கையில் கிடைத்த 40, 30, 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்து, இடைவெளிக்குச் செய்தித்தாளைத் திணித்து அனுப்புகிறீர்கள். பெருக்கினால் 24,000. வகுத்தால் 4.8 கிலோ! அப்பளத்துக்கு ஒரு கிலோ, காற்றுக்கு 3.8 கிலோ. அதே அப்பளம் 25, 20, 15 பெட்டியில் அடங்கும். அப்போது கணக்கு 1.5 கிலோதான்.

கடை நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் எடையும் அளவும் எழுதக் கட்டங்கள் இருக்கும். காலியாக விட்டால் நிரல் தானே அரைக் கிலோ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கூரியரின் கிடங்கில் இயந்திரம் மறுபடி அளக்கும். வித்தியாசத்தை ஒரு வாரம் கழித்து உங்கள் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். அதை மறுக்க உங்களிடம் அத்தாட்சி வேண்டும். பெட்டி தராசின் மேல் இருக்க, பக்கத்தில் அளவு நாடா தெரிய, லேபிள் எண்ணும் வாசிக்கும்படி ஒரு புகைப்படம். மாதத்துக்கு மூன்று நான்கு அளவுப் பெட்டிகளை மட்டும் மொத்தமாக வாங்கிவைத்து, அந்த அளவுகளையே நிரலில் பதிந்துகொண்டால் இந்தத் தகராறு பாதி குறையும். கூடவே, பொருள் திரும்பி வந்தாலும் இதே எடைக்குத்தான் இன்னொரு முறை கட்டணம்.

லேபிளில் என்ன இருக்கிறது?

போகும் முகவரி, அனுப்பும் முகவரி, திரும்பும் முகவரி, எடை, பணம் வசூலிக்க வேண்டுமா இல்லையா, ஒரு நீண்ட எண், அதன் பட்டைக் கோடுகள். அந்த எண்ணைக் கூரியர்காரர்கள் ஏ.டபிள்யூ.பி. எண் என்பார்கள். உணவுப் பொருளென்றால் பொட்டலத்தின் மேல் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். அது கூரியர் லேபிளில் தானாக வராது.

பட்டைக் கோடுகளுக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இரு அமெரிக்கர்கள், 1952-ல். மயாமி கடற்கரை மணலில் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் வைத்து, அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தபோது உட்லண்டுக்கு அந்த யோசனை வந்தது. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அதன் புள்ளியும் கோடும் அப்பளப் பெட்டியின் மேல் இன்னும் பயணம் செய்கின்றன.

விரைவுத் தபாலின் எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். என்ற எழுத்துகள். ஒன்பதில் முதல் எட்டுதான் வரிசை எண், ஒன்பதாவது காவல்காரன். எட்டு எண்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் கிடைப்பது ஒன்பதாவது எண். வரிசை எண் 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே காவல்காரன் 5. (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள்.) தொலைபேசியில் சொல்லும்போது ஓர் எண் மாறினாலும் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும். ‘எண்ணே தப்பு’ என்று கணிப்பொறி சொல்வது இதனால்தான்.

அச்சடிப்பதில் இரண்டு விஷயம். லேபிளின் வழக்கமான அளவு 4 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம். சாதாரண அச்சுப்பொறியில் பக்கத்துக்குத் தக்கபடி சுருக்கு என்ற விருப்பம் இருந்தால் நீக்கிவிடுங்கள். கோடுகள் நெருங்கினால் ஸ்கேனர் படிக்காது. லேபிளுக்கென்றே வரும் வெப்ப அச்சுப்பொறிக்கு மை வேண்டாம். ஆனால் அந்தத் தாள் வெயிலிலும் சூட்டிலும் கறுத்துப்போகும் அல்லது மங்கும். பெட்டியின் தட்டையான பக்கத்தில் ஒட்டுங்கள். கோடுகள் மூலையில் மடியக் கூடாது. பளபளக்கும் டேப்பை அவற்றின் மேல் ஓட்டாதீர்கள்.

திரும்பி வருபவை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். திரும்புவதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டுக்கும் அமைப்பு வேறு.

முதல் வகைக்கு ஆர்.டி.ஓ. என்று பெயர். நமக்கு அது டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் அலுவலகம். கூரியர்காரர்களுக்கு, வாங்குகிறவர் கைக்குப் போகாமலே அனுப்பியவருக்குத் திரும்பும் பார்சல். வீடு பூட்டியிருந்தது, முகவரி கிடைக்கவில்லை, அல்லது வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். பழைய லேபிளோடுதான் வரும். திரும்பும் முகவரி என்று நீங்கள் அமைப்பில் எதைக் கொடுத்தீர்களோ அங்கே வரும். கொடுக்காவிட்டால், பெரும்பாலும் எடுத்த இடத்துக்கே வரும்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல். மே மாதம் பள்ளி விடுமுறை விட்டால் பாதிப் பேர் ஊரில். ஏப்ரல் கடைசியில் அனுப்பிய பார்சல்கள் மே பத்தாம் தேதிக்கு மேல் திரும்பத் தொடங்கும். கதவு பூட்டியிருக்கும். அனுப்பியவரே இல்லையென்றால் அந்தப் பார்சல் கிடங்கில் கிடந்து, ஒப்பந்தத்தில் சொன்ன நாள் கடந்ததும் உங்கள் கையை விட்டே போய்விடலாம். ஊருக்குப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே கடையில் ஆர்டரை நிறுத்துங்கள். திரும்பும் முகவரியாக வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரியை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுங்கள். முகவரியை மாற்றுவது இனி அச்சாகும் லேபிள்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே ஒட்டியவற்றுக்குப் பொருந்தாது என்பதால்தான் பத்து நாள் முன்பே என்கிறேன்.

வேறு சிலருக்குச் சரக்கே ஊரில் இருக்கிறது. மும்பையில் இருப்பவர் கடை நடத்துவார். காரைக்குடியில் நாத்தனார் கண்டாங்கிச் சேலையை மடித்துப் பார்சல் கட்டுவார். எடுக்கும் இடம் காரைக்குடி. திரும்பும் இடமும் காரைக்குடி என்று விட்டால், பிரித்துப் பார்த்த சேலையில் கறை இருக்கிறதா, மாற்றி அனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நாத்தனார் தலையில். பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர் மும்பையில். இருவருக்கும் மனத்தாங்கல் வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். சரக்கைப் பார்த்து முடிவு சொல்ல யாருக்கு நேரமும் பழக்கமும் இருக்கிறதோ அவர் முகவரிதான் திரும்பும் முகவரியாக இருக்க வேண்டும்.

வீட்டில் பணம் வாங்கும் முறையில் ஆர்.டி.ஓ. அதிகம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பர்ஸில் கூரியர் செலவெல்லாம் போக லாபம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகக் கட்டணம் 70, திரும்ப 70. பத்துப் பேருக்கு அனுப்பி எல்லோரும் வாங்கினால் 900 ரூபாய். இரண்டு பேர் வேண்டாமென்றால், எட்டுப் பேரிடம் 720. அதில் 280 போனால் மிச்சம் 440. இருபது சதவீதம் திரும்பியதற்கு லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பார்சல் கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு, முன்பணம் கட்டினால் சிறு தள்ளுபடி, ஒரு தொகைக்கு மேல் வீட்டில் பணம் வாங்குவதில்லை என்ற வரம்பு: இவை மூன்றையும் நிரலிலேயே அமைக்கலாம்.

இரண்டாவது வகை, வாங்கியவர் பிரித்துப் பார்த்த பின் திருப்புவது. இதற்குப் புது லேபிள், புது எண் வேண்டும். முகவரிகள் இடம் மாறும். வெளிநாடுகளில் திரும்பும் லேபிளை முதலிலேயே பெட்டிக்குள் வைத்து அனுப்புவது உண்டு. வாங்கியவர் அதை ஒட்டிப் பக்கத்து மையத்தில் போட்டுவிடுவார். இங்கே வீடுகளில் அச்சுப்பொறி அபூர்வம். கூரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கும் முறைதான் பழக்கம். சீட்டையும் அவரே கொண்டுவருவார். அதற்குக் கட்டணம் அனுப்புவதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். எடுக்கும்போதே பொருளின் நிறம், எண்ணிக்கை, அதன் படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் வசதி சிலவற்றில் உண்டு. புடவை, நகை விற்பவர்கள் அதற்குத் தனிக் கட்டணம் கொடுத்தாலும் தகும். பட்டுக்குப் பதில் பழைய நைலக்ஸ் திரும்பி வந்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

திருப்பும் லேபிள் தானாக வெளிவரும்படி அமைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கேட்டவுடன் லேபிள் என்பது பெரிய கம்பெனிக்குச் சரி. சிறு கடையில், காரணமும் புகைப்படமும் வந்து, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே லேபிள் உருவாகட்டும். லேபிள் உருவானதுமே கட்டணம் பிடிப்பார்களா, பார்சலை ஸ்கேன் செய்த பிறகா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால், வாங்கியவர் மனம் மாறித் திருப்பாமல் விட்ட லேபிள்களை நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். பொடி, ஊறுகாய், வடகத்துக்குத் திரும்பும் வசதியையே நிறுத்திவிடலாம். திரும்பி வந்த ஊறுகாயை மறுபடி விற்க முடியாது. உடைந்திருந்தால் புகைப்படத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவது மலிவு. எதை எடுப்பீர்கள், எதை எடுக்கமாட்டீர்கள் என்பதை வாங்கும் முன்பே தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன.

கடை திறப்பதற்கு முன் ஒரே ஒரு பார்சலை நிஜச் சாவியோடு அனுப்பிப் பாருங்கள். திருநெல்வேலியில் பெரியம்மா வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு அவர்களையே திருப்பக் கோரச் சொல்லுங்கள். லேபிள் வந்ததா, கூரியர்காரர் எத்தனை நாளில் வந்தார், எந்த முகவரிக்குத் திரும்பியது, இரு முறையும் எந்த எடைக்குப் பணம் பிடித்தார்கள், கடை நிரலில் சரக்கு எண்ணிக்கை ஒன்று கூடியதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செலவு இரு வழிக் கட்டணம்தான். பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இல்லையென்றால் ஆசையாக அனுப்பியதைத் திரும்பக் கேட்கிறாளே என்று அவர்கள் வருத்தப்படக்கூடும்.